கூழாங்கல்லும் கூட்டற்கணக்கும்



திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதிக்கு அண்மையில் ஸ்ரீவராகம் என்னும் இடம் உள்ளது. வராகமூர்த்தியின் கோயிலும் அதனைச் சார்ந்த பெரிய குளமும் அவ்விடத்திற்குப் பெயரும் அழகும் தந்து நிற்கின்றன. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வாக்கியத்தில், கலந்து வழங்கும் இடம் அது. அங்கே நாம் வாழும் வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று.

எம் தம்பியின் மகள் ஆறு வயதுச் சிறுமி. ஒருநாள் மாலை வீட்டுக்கணக்கு எழுத அமர்ந்தாள். எட்டும் ஐந்தும் எத்தனை என்பது கணக்கு. குழந்தை நெடுநேரம் ஏட்டையே நோக்கிக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. எட்டிப் பார்த்தபோது, அங்கே விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவதும் நிமிர்வதுமாக இருந்தன.

"ஏனம்மா கையை மறைக்கிறாய்?" என்று கேட்டோம்.

"விரல் விட்டு எண்ணக்கூடாது, பெரியப்பா. சின்னக் குழந்தைகள்தாம் அப்படி எண்ணுவார்களாம்" என்றாள்.

பகலெல்லாம் அலுவலகத்தில் சுற்றறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் களைத்து வந்திருந்தோம். பொறுமை இல்லை. "எட்டும் ஐந்தும் பதின்மூன்று, இதுகூடவா தெரியாது?" என்று சற்றே கடிந்துகொண்டோம். அவள் பதின்மூன்று என எழுதினாள். அடுத்த கணக்கு ஐந்தும் எட்டும் எத்தனை என்பது. குழந்தை மீண்டும் எம் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. விடையை நாம் கொடுத்தோமேயன்றிக் கணக்கைக் கொடுக்கவில்லை என்பது அந்தப் பார்வையில்தான் விளங்கிற்று.

உள்ளிருந்து இதனைக் கேட்டுக்கொண்டிருந்த எம் அன்னையார், "தடியால் அடித்தா கனியைப் பழுக்க வைப்பது?" என்று கூறிப் பரண்மேல் கிடந்த பல்லாங்குழிப் பலகையைத் துடைத்துக் கொணர்ந்தார். ஒரு கிண்ணம் நிறைய மஞ்சாடி விதைகளும் வந்தன. அன்று முதல் ஒரு மாத காலம் அத்திண்ணையில் நாம் கண்டவற்றையும், அவற்றையொட்டி நூல்களில் கற்றவற்றையுமே இங்குக் கூற விரும்புகிறோம்.

முதலில் கூட்டல் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிரிந்து கிடப்பவற்றை ஓரிடத்தில் சேர்ப்பது கூட்டல். கூட்டம், கூட்டாளி, கூட்டு, கூடை என்பனவெல்லாம் குழந்தை நாளும் கேட்கும் சொற்கள். பருப்பும் காயும் சேர்ந்தால் கூட்டு என்பதைச் சமையலறையில் அறிந்த குழந்தைக்கு, மூன்றும் இரண்டும் சேர்ந்தால் ஐந்து என்பது அயலான செய்தி அன்று. அதனை அயலாக்குவது நாம் தொடங்கும் முறை. பொருளைக் காட்டுமுன் குறியைக் காட்டுகிறோம். சிலுவை போன்ற ஒரு கோடும், இரட்டைக் கோடும், இரண்டு இலக்கங்களும் ஏட்டில் நிற்கின்றன. அவை எவற்றைக் குறிக்கின்றன என்பது குழந்தைக்குத் தெரியாது. பொருள் தெரியாத மொழியில் எழுதிய கடிதத்தை மொழிபெயர்க்கச் சொன்னால் எம் போன்றோர் எவ்வாறு விழிப்போமோ, அவ்வாறே அதுவும் விழிக்கிறது.

விரல்விட்டு எண்ணுவது குற்றமா? அன்று. குழந்தைகள் கூட்டல் கற்பதில் படிகள் உண்டு. முதற்படியில் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எண்ணும். எட்டு விதை, ஐந்து விதை என்றால், ஒன்று முதல் பதின்மூன்று வரை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி முடிக்கும். இரண்டாம் படியில் எட்டை மனத்தில் நிறுத்தி, ஒன்பது, பத்து என மேலே தொடர்ந்து எண்ணும். மூன்றாம் படியில், தான் முன்பே அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றைக் காணும். அதன் பின்னரே எண்ணாமலே விடை நினைவில் எழும். விரல் என்பது இப்படிகளில் ஏறுவதற்கான கைப்பிடி. ஏறி முடித்த குழந்தை அதனைத் தானே விட்டுவிடும். இடையிலே பிடுங்கினால், எம் வீட்டுக் குழந்தையைப்போல, கையை மறைக்கக் கற்றுக்கொள்ளும், கணக்கைக் கற்காது.

நம் முன்னோர் இதனை எவ்வாறு செய்தனர்? திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எண்சுவடியை உரக்க ஓதி மனப்பாடம் செய்தனர். முந்திரி, காணி, மா, கால், அரை என நுண்ணிய பின்னங்கள்வரை அவர்கள் நாவில் நின்றன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இன்று நம்முள் எத்தனை பேர் அதனைச் சொல்லக் கூசாமல் இருப்போம்! 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைச் சிறுவர் பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணாக்கன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையுடன் சேர்ந்து அது சென்னை முறை என்னும் பெயரில் இங்கிலாந்துக்கும் சென்றது. ஆயினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமெனப் புகழ்ந்துவிடுவதற்கில்லை. பிரம்பு அங்கே ஓயாது பேசிற்று. எல்லாச் சாதியாருக்கும் அந்தத் திண்ணை திறந்திருக்கவும் இல்லை. பள்ளியில் ஓதிய எண்ணுக்கு வயலிலும் களத்திலும் கடையிலும் உடனே வேலை இருந்தது என்ற ஒன்றையே நாம் அதிலிருந்து கைக்கொள்ளலாம்.

இனி விளையாட்டுகளுக்கு வருவோம். புதியனவாக எதையும் விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. அஞ்சாங்கல் ஆட்டத்தை அறியாத தமிழர் வீடு அரிது. ஐந்து கூழாங்கற்களில் ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையில் உள்ள நான்கையும் வாரவேண்டும். முதற் சுற்றில் ஒவ்வொன்றாக நான்கு முறை. அடுத்த சுற்றில் இரண்டிரண்டாக. மூன்றாம் சுற்றில் மூன்றும் ஒன்றுமாக. நான்காம் சுற்றில் நான்கையும் ஒரே வீச்சில். இதில் நிகழ்வது யாது? நான்கு என்னும் எண்ணைப் பிரிக்கக்கூடிய வழிகளைக் குழந்தையின் கை ஒவ்வொன்றாகக் கற்கிறது. மூன்றை வாரியவுடன் எஞ்சியது ஒன்றே என்பதை அது கண்ணால் தேடுவதுகூட இல்லை. ஏட்டில் ஒரு மாதம் எழுதி வராத தெளிவு இங்கே ஒரு மாலையில் வந்துவிடுகிறது.

அடுத்தது உள்ளங்கை விளையாட்டு. ஐந்து மஞ்சாடி விதைகளைக் குழந்தையின் எதிரில் எண்ணி, இரு கைகளிலும் பிரித்து மூடிக்கொள்ளுங்கள். ஒரு கையை மட்டும் விரியுங்கள். அதில் இரண்டு இருந்தால், மூடிய கையில் எத்தனை? குழந்தை சொன்னபின் மூடிய கையை விரித்துக் காட்டுங்கள். விடை சரியோ தவறோ, அதனைச் சொல்வது விதைகளேயன்றி நாம் அல்லேம். தீர்ப்பு வழங்கும் பெரியவர் நடுவில் இல்லாமையால் குழந்தைக்கு அச்சமில்லை. ஐந்து நன்கு பழகியபின் ஆறு, ஏழு என ஏறிப் பத்து வரை செல்லலாம். பத்தின் இணைகள், அஃதாவது ஒன்பதும் ஒன்றும், எட்டும் இரண்டும், ஏழும் மூன்றும், ஆறும் நான்கும், ஐந்தும் ஐந்தும் மனத்தில் ஊன்றிவிட்டால், பிற்காலக் கூட்டலில் பாதித் தொல்லை நீங்கிற்று எனலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மஞ்சாடி வேறு, குன்றிமணி வேறு. சிவப்பு உடலில் கரும்புள்ளி கொண்ட குன்றிமணி கொடிய நஞ்சுடையது. அதனைக் குழந்தைகளின் விளையாட்டில் சேர்க்கவே கூடாது. மஞ்சாடியாயினும் புளியங்கொட்டையாயினும், எதையும் வாயிலிடும் சிறு குழந்தை வீட்டில் இருந்தால், ஆட்டம் முடிந்தவுடன் எண்ணி எடுத்து வைத்துவிட வேண்டும். எண்ணி எடுத்து வைப்பதும் ஒரு கணக்குத்தானே!

பல்லாங்குழியில் பதினான்கு குழிகள், பக்கத்திற்கு ஏழு. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதனைப் பசு என்று எடுத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். ஆகவே ஆடும் குழந்தை மூன்று இருக்கும் குழிகளின்மேல் கண்ணாகவே இருக்கும். மூன்றுடன் ஒன்று நான்கு என்பதை எவரும் அதற்குச் சொல்லவேண்டியதில்லை.

அப்பலகையில் எம் அன்னையார் வேறொரு வேலையும் செய்தார். பக்கத்திற்கு இரண்டாக நான்கு குழிகளைத் துணியால் மூடினார். ஐந்தும் ஐந்துமாகப் பத்துக் குழிகள் எஞ்சின. குழிக்கு ஒன்றாக எட்டு விதைகளை இடச் சொன்னார். குழந்தையின் கையில் மேலும் ஐந்து விதைகளைக் கொடுத்து, "காலியான குழிகளை நிரப்பு" என்றார். இரண்டு விதைகள் குழிகளில் விழுந்தன. மூன்று கையில் எஞ்சின. "பத்து நிறைந்தது, கையில் மூன்று. எத்தனையடி கண்ணே?" என்றார். குழந்தை ஒரு கணம் நின்று, "பத்து, மூன்று... பதின்மூன்று!" என்றாள். முதல்நாள் எம் வாயிலிருந்து கேட்டு எழுதிய அதே பதின்மூன்று, இன்று அவளுடையதாயிற்று.

இவ்விடத்தில் மொழியைத் தொழிலாகக் கொண்டவர் என்னும் முறையில் ஒன்று கூற விழைகிறோம். பதின்மூன்று என்னும் சொல்லே ஒரு கூட்டற்கணக்கு. பத்தும் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து யாவும் அவ்வாறே. மலையாளத்திலும் இவ்வமைப்பே உண்டு. பழந்தமிழ் இலக்கங்களில் பத்துக்கெனத் தனிக்குறி உண்டாகையால், பதினொன்றை ௰௧ என எழுதினர்; எழுத்திலும் கூட்டல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆங்கிலத்தில் இலெவன், ட்வெல்வ் என்று சொல்லும் குழந்தைக்கு உள்ளிருக்கும் பத்து எளிதில் தெரியாது. ஆங்கில வழியில் பயிலும் நம் குழந்தைகள் எண்களை இலெவன், ட்வெல்வ் என்றே அறிந்து, பதினொன்று எது என வினவும் நிலை இன்று பல வீடுகளில் உள்ளது. ஆங்கிலப் பெயர்களைக் கற்கட்டும். அதற்காக வீட்டில் இருக்கும் செல்வத்தை ஏன் பூட்டி வைக்கவேண்டும்? எண்ணும்போது தாய்மொழியில் எண்ணச் செய்யுங்கள். மொழியே பாதிக் கணக்கைச் செய்து தரும்.

இனித் தாயம். பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். உருட்டும்தோறும் இரண்டு எண்களைக் கூட்டியே தீரவேண்டும். நான்கு எனின் ஒன்றும் மூன்றுமாகவும் விழலாம், இரண்டும் இரண்டுமாகவும் விழலாம். ஐந்துக்கு இரண்டும் மூன்றும் என்னும் ஒரு வழியே உண்டு. ஆறுக்கு மூன்றும் மூன்றும். வெறுமையும் ஒன்றும் விழுந்தால் தாயம். ஒன்றோடு ஒன்றுமில்லாததைக் கூட்டினாலும் அது ஒன்றே என்பதை இதைவிட எளிதாகக் கற்பிக்க முடியுமா?

ஆனால் இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பது ஆட்டத்தின் விதி. எம் வீட்டுச் சிறுமி இதனை ஏற்கவில்லை. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதானே? பன்னிரண்டு எப்படி வரும்?" என்று கேட்டாள். கணக்கை அஞ்சி அழுத குழந்தை, கணக்கின் பக்கம் நின்று ஆட்டத்தை எதிர்த்து வழக்காடிய நாள் அது. "அது விதி, கணக்கு அன்று, நாம் ஒப்புக்கொண்டதால் பன்னிரண்டு" என்றோம். "அப்படியானால் பள்ளிக்கூடத்தில் அது பூஜ்யம், இங்கே மட்டும் பன்னிரண்டு" எனத் தீர்த்துவிட்டு, அந்தப் பன்னிரண்டை விடாமல் எடுத்துக்கொண்டு காயை நகர்த்தினாள்.

காயை நகர்த்தும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. 2008-இல் அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்னும் இரு ஆய்வாளர்கள், வறிய குடும்பங்களைச் சேர்ந்த பாலர்க்கு ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண்கள் எழுதிய ஒரு பலகையைக் கொடுத்து ஆடச் செய்தனர். இரண்டு வாரத்தில் நான்கு முறை, முறைக்குக் கால்மணி நேரம், அவ்வளவே. அக்குழந்தைகளின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. எண்களுக்கு மாறாக நிறங்கள் மட்டும் தீட்டிய பலகையில் ஆடியவர்க்கு அப்பயன் இல்லை. ஐந்தாம் கட்டத்தில் நின்று இரண்டு விழுந்தால், ஒன்று, இரண்டு என்று சொல்லாமல், ஆறு, ஏழு எனக் கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகரவேண்டும் என்பது அங்கே விதி. முன்னர்க் கூறிய இரண்டாம் படி இதுவே. நம் பரமபதப் படத்திலும் இவ்வாறு சொல்லி ஆடலாம். ஆனால் பரமபதத்தில் எண்வரிசை வளைந்து வளைந்து ஏறும். ஆகவே மிகச் சிறியவர்க்கு முதலில் தரையில் சுண்ணக்கட்டியால் நேராகப் பத்துக் கட்டங்கள் வரைந்து, அவர்களையே காயாக நின்று தாண்டச் செய்வது நலம்.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், ஆடினாற் போதும், கணக்கு வந்துவிடும் என்று எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணினோம். அது முழு உண்மையன்று. தில்லியில் 214 பாலர் நிலையங்களைச் சேர்ந்த 1,540 குழந்தைகளிடையே ஓர் ஆய்வு நிகழ்ந்தது. எலிசபெத் ஸ்பெல்கே, எஸ்தர் டூஃப்ளோ முதலிய அறிஞர்கள் அதனை நடத்தி 2017-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டனர். கணித விளையாட்டுகளை ஆடிய குழந்தைகளுக்கு, அளவையும் வடிவையும் உணரும் இயல்பான ஆற்றல் வளர்ந்தது. அது நெடுநாள் நிலைத்தும் நின்றது. ஆனால் தொடக்கப்பள்ளியில் இலக்கங்களும் குறிகளும் வந்தபோது, அவர்கள் மற்றவரை விஞ்சவில்லை. 2025-இல் நேச்சர் இதழில் வந்த மற்றோர் ஆய்வு, கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் பொருள் விற்கும் சிறுவர்களைப் பற்றியது. சிக்கலான விலைக்கணக்கை மனத்திலேயே போடும் அச்சிறுவர்கள், ஏட்டில் எழுதிய எளிய கணக்கில் தடுமாறினர். ஏட்டுக் கணக்கில் தேர்ந்த பள்ளிச் சிறுவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

இதன் பொருள் யாது? கையறிவும் ஏட்டறிவும் இரு மொழிகள். ஒன்றை அறிந்தவர் மற்றொன்றைத் தானே அறிந்துவிடுவதில்லை. இடையில் மொழிபெயர்ப்பு வேண்டும். அதைச் செய்யவேண்டியவர் அருகில் அமர்ந்திருக்கும் பெற்றோரும் ஆசிரியருமே. ஆட்டம் முடிந்ததும் குழந்தை தான் ஆடியதை முதலில் வாயாற் சொல்லட்டும்: எட்டு இருந்தது, ஐந்து வந்தது, பதின்மூன்று ஆயிற்று. அடுத்து, அதனைப் புள்ளிகளாக வரையட்டும். அதன் பின்னர் இலக்கமும் கூட்டற்குறியும் கொண்டு எழுதட்டும். பொருள், சொல், படம், குறி என்னும் இவ்வரிசையில் எப்படியையும் தாண்டாதிருப்பது நன்று. ஏட்டிலிருந்து திரும்பி வருவதும் வேண்டும். ஆறும் மூன்றும் என்று எழுதிக் காட்டி, இதனை விதைகளால் செய்து காட்டு எனக் கேட்கலாம். இருவழியும் செல்லத் தெரிந்த குழந்தையே கூட்டல் கற்ற குழந்தை.

இத்துறையில் பணியாற்றிய பெரியோர் நம்மிடையே இருந்தனர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஒரு மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி பத்து, அத்தகைய பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு என அவர் அமைத்த பொன்மணிகள் இன்றும் பள்ளிகளில் வழங்குகின்றன. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியராயிருந்த பி. கே. சீனிவாசன் அவர்கள், சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கொண்டே எண்களின் அழகைக் குழந்தைகளுக்குக் காட்டியவர். 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தை நிறுவி, 2005-இல் தாம் மறையும்வரை அப்பணியை விடாது செய்தார். தமிழ்நாட்டரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும், கேரளத்தில் முதலிரு வகுப்பினர்க்கென நடந்த உல்லாஸ கணிதமும் ஆடலும் பொருளும் கொண்டு எண்ணறிவு ஊட்ட எழுந்தவையே.

பெற்றோர்க்கு முடிவாகச் சில சொல்வோம். நாளுக்குக் கால்மணி நேரம் போதும். குழந்தை இன்னும் ஆடவேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்துங்கள். தவறான விடை வந்தால், "எப்படிக் கண்டாய்?" என்று கேளுங்கள், சரியான விடைக்கும் அதனையே கேளுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். களைப்புடன் இருக்கும் மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இந்த இறுதி அறிவுரை எமக்கு நாமே கூறிக்கொள்வது.

எம் வீட்டுச் சிறுமி கணக்கில் புலியாகிவிட்டாளா என நேயர்கள் கேட்கலாம். இல்லை. பத்தைத் தாண்டிய கூட்டலுக்கு இன்னும் விரல்களை நாடுகிறாள். ஆனால் அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைப்பதில்லை. மேசைமீது வைத்து எண்ணுகிறாள். சென்ற வாரம் சாலைக் கடைத்தெருவில் ஏழு ரூபாய்க்கும் ஆறு ரூபாய்க்கும் பொருள் வாங்கினோம். கடைக்காரர் கூட்டுவதற்குள், "ஏழுக்கு மூன்று போட்டால் பத்து, மீதி மூன்று, பதின்மூன்று" என்றாள். கடைக்காரர் சிரித்து, ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். அவளோ அதனை வாங்கிக்கொண்டு எம்மைப் பார்த்து, "பெரியப்பா, எட்டும் ஐந்தும்கூடப் பதின்மூன்றுதானே? இரண்டும் எப்படி ஒன்றாகும்?" என்றாள்.

வீடு வந்ததும் பல்லாங்குழிப் பலகையை எடுத்துவைத்தோம். இம்முறை விடையை நாம் சொல்லவில்லை.